உடைந்த காலும் இரண்டு 555 புத்தகமும்: லா முலானா கேமில் நான் தொலைத்த ஐந்து மாதம்

2023 தீபாவளி முடிந்த அடுத்த வாரம், அதிகாலை ஷிப்டுக்குப் போகும்போது, செம்பனைக் குலை ஏற்றிய லோரி சிந்திவிட்டுப் போன மண்ணில் என் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. கணுக்கால் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு, எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு). நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா ஆயுசு முழுக்கப் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்து இந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து பதினொரு வருடம் ஆகிறது. எனக்கு செம்பனை ஆலையில் டெக்னீஷியன் வேலை. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பணம் வந்தது, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. கஷ்டப்படுத்தியது நேரம்தான். சும்மா கிடக்கிற நேரத்தில் சார்ஜ்மேன் (மின்சார வேலைத் தகுதி) பரீட்சைக்குப் படிக்கலாம் என்று புத்தகமெல்லாம் எடுத்து வைத்தேன். அது எங்கே போய் முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பொடியன்கள் எல்லாரும் கைபேசியில் ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற கேம்தான் ஆடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பக்கவாட்டில் ஓடிக் குதிக்கிற பழைய பாணி ஆட்டங்கள்தான் பிடிக்கும். அதிலும் மெட்ராய்ட்வேனியா வகை. தெரியாதவர்களுக்கு: 1986 இல் வந்த மெட்ராய்ட், அதே வருடம் தொடங்கிய காசில்வேனியா, இந்த இரண்டு பெயரையும் ஒட்டிச் செய்த சொல் அது. ஒரே பெரிய வரைபடம், பூட்டிய வழிகள், புதிதாக ஒரு கருவி கிடைத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பூட்டைத் திறப்பது. இந்த வகையில் ஒன்றிரண்டை முடித்திருந்ததால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அப்படித்தான் லா முலானாவைத் தேர்ந்தெடுத்தேன். ஜப்பானில் ஒரு சின்னக் குழு 2005 இல் இலவசமாக வெளியிட்ட கேம். எண்பதுகளில் அங்கே பிரபலமாக இருந்த எம்.எஸ்.எக்ஸ் கணினியின் ஆட்டங்களைப் போலவே, அதுவும் கொனாமியின் 1987 ஆம் ஆண்டு 'மேஸ் ஆஃப் கேலியஸ்' மேல் உள்ள ஆசையில், செய்தது. அப்புறம் நிகோரோ என்ற பெயரில் அதே ஆட்கள் படங்களை எல்லாம் புதிதாக வரைந்து மறுபடியும் செய்தார்கள். அது 2012 இல் கணினிக்கு வந்தது. நான் ஆடியது இந்தப் புதியது.

வாங்குவதிலேயே முதல் அடி. முகம் தெரியாத ஒருவரிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று 25 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்) அனுப்பினேன். வந்த கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வேலை செய்யவில்லை, ஆளும் அதோடு காணோம். நாலு நாள் கழித்து கேம் விற்கும் ஜி.ஓ.ஜி. தளத்திலேயே கழிவு விலையில் 22 வெள்ளிக்குக் கிடைத்தது. இந்த மாதிரிப் பழைய கேம்கள் வருடத்தில் பல தடவை விலை இறங்கும். அவசரப்படாமல் நேராகவே வாங்குங்கள்.

கேமின் கதை எளிது. லெமேசா கோசுகி என்ற தொல்பொருள் ஆராய்ச்சியாளர், கையில் சாட்டை, பையில் லேப்டாப். அப்பாவிடமிருந்து வந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு லா முலானா என்ற பாழடைந்த இடத்துக்கு வருகிறார். மேலே ஒரு கிராமம், செல்புட் என்ற கிழவர், சில கடைகள். கீழே பாழிடம். நான் என்ன செய்தேன் என்றால், எல்லாக் கேமையும் ஆடுகிற மாதிரியே இதையும் ஆடினேன். நேராக உள்ளே இறங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் சாட்டையால் அடித்தேன். இந்தக் கேமில் அடிக்கக் கூடாத சுவரை அடித்தால் வானத்திலிருந்து மின்னல் இறங்கி உங்கள் உயிரில் ஒரு துண்டைப் பிடுங்கிக்கொள்ளும். முதல் நாளில் அதுவே பதினைந்து தடவை நடந்திருக்கும். சுவரெல்லாம் கல்வெட்டுகள். கிட்டே போய் நின்றால் ஒன்றும் நடக்கவில்லை, அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஆறு மணி நேரம் அப்படியே சுற்றினேன். பிறகுதான் மேலே கடையில் கையில் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்று விற்பது உறைத்தது. அதோடு எழுத்தைப் பெயர்த்துச் சொல்லும் மென்பொருளையும் வாங்கி லேப்டாப்பில் போட வேண்டும். இரண்டும் கைக்கு வந்தபின் முதல் கல்வெட்டை வாசித்தபோதுதான் இந்தக் கேமே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ஆறு மணி நேரம் எழுத்துத் தெரியாதவன் கோயில் பிராகாரம் சுற்றின கதைதான். ஆகவே நீங்கள் தொடங்கினால் ஊருக்கு வெளியே உள்ள பானைகளை உடைத்துக் காசு சேர்த்து, வேறு எதையும் வாங்காமல் முதலில் இந்த இரண்டையும் வாங்கிவிடுங்கள். அடுத்தது எடைக்கல். ஆங்காங்கே சின்னச் சின்னப் பீடங்கள் இருக்கும், அதன் மேல் ஒரு கல்லை வைத்தால் எங்கேயோ ஏதோ திறக்கும். பையில் கல் இல்லாமல் போய் நின்று, எட்டு அறை தாண்டித் திரும்பி வந்தபோது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

சேவ் விஷயத்திலும் ஏமாந்தேன். தானாக எதையும் சேமிக்காது. அந்தந்தப் பகுதியில் உள்ள குறிப்பிட்ட கல் பலகைக்குப் போய் நீங்களேதான் சேமிக்க வேண்டும். செத்தால் கடைசியாகச் சேமித்த இடம், நடுவில் கிடைத்ததெல்லாம் போச்சு. புனிதக் கிண்ணம் என்று ஒன்று கிடைக்கும், அது இருந்தால் எங்கிருந்தாலும் அந்தப் பலகைகளுக்குத் தாவிவிடலாம். அது கிடைக்கும்வரை ஆழமாக இறங்காதீர்கள், கிடைத்த பிறகு வெட்கப்படாமல் அடிக்கடி உபயோகியுங்கள். நான் "நடந்தே போறேன்" என்று வீம்பு பிடித்து ஒரு ராத்திரி முழுக்க இழந்தேன். குதிப்பதும் அப்படித்தான். இப்போதைய கேம்களில் நடுவானில் எப்படி வேண்டுமானாலும் வளைந்து திரும்பலாம், இங்கே அவ்வளவு சலுகை கிடையாது, காலை எடுக்கும் முன்பே எங்கே இறங்கப் போகிறோம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு வௌவால் உரசினால் போதும், பின்னால் தூக்கி எறியப்பட்டு மூன்று அறை கீழே விழுவீர்கள். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்துகொண்டு இன்னொருத்தன் திரும்பத் திரும்ப விழுவதைப் பார்ப்பதில் ஒரு தினுசான ஆறுதல் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

555 புத்தகத்துக்கு வருகிறேன். மலேசியாக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்ன நோட்டு, மளிகைக் கடைக் கடன் எழுதியே பேர் வாங்கியது. முதல் வாரம் கல்வெட்டுகளைக் கைபேசியில் படம் பிடித்து வைத்தேன். இருநூறு படத்துக்கு மேல் ஆனதும் எது எந்த அறை என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி பழுப்புச் சுவர். இந்தக் கேமில் ஒரு பகுதியில் உள்ள கல்வெட்டு வேறு பகுதியில் உள்ள புதிருக்கு விடை சொல்லும். இராட்சதர்களின் சமாதி என்று ஒரு இடம், அங்கே ஒவ்வொரு இராட்சதனுக்கும் பேர் உண்டு, யார் என்ன செய்தான் என்று கல்லில் எழுதியிருக்கும், அது உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் நீங்கள் எங்கேயோ தூரத்தில் இருப்பீர்கள். அதனால் அம்மாவிடம் சொல்லி கடையிலிருந்து ஒரு 555 வாங்கி வரச் சொன்னேன். கடைக்காரர் "யாருக்கு வட்டிக்கு விடப் போறீங்க?" என்று கேட்டாராம். ஒரு பக்கத்துக்கு ஒரு கல்வெட்டு, மேலே பகுதியின் பெயர், அறை எங்கே என்று இரண்டு வார்த்தை, கீழே பாதிப் பக்கம் காலி. அந்தக் காலி இடம் முக்கியம். பத்து நாள் கழித்து அர்த்தம் புரியும்போது அங்கேதான் எழுத வேண்டியிருக்கும். வரைபடத்துக்கு மளிகைக் கடை கொடுத்த பெரிய நாட்காட்டியின் கிழித்த தாள்கள், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், ஒரு தாளுக்கு ஒரு பகுதி. கேமிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் வரைபடம் கிடைக்கும்தான், ஆனால் "இங்கே பீடம் இருக்கு, கல் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று அது உங்களுக்காக எழுதி வைக்காது.

எழுத ஆரம்பித்த பிறகும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு கல்வெட்டு, இதை மறுபடி வாசிக்காதே என்று சொல்கிறது. எழுதும்போது ஒரு வார்த்தை விட்டுப்போன மாதிரி இருந்ததால் சரிபார்க்க மறுபடி வாசித்தேன். அவ்வளவுதான், கேம் ஹார்ட் மோடுக்கு மாறிவிட்டது. திரும்ப வழி கிடையாது, பழைய சேவ் தனியாக இருந்தால் தவிர. என்னிடம் ஒரே சேவ்தான் இருந்தது. இரண்டாவது இடத்திலும் மாற்றி மாற்றிச் சேமிக்க வேண்டும் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால்! அன்றைக்குக் கைப்பிடியை (கேம் ஆடும் கன்ட்ரோலரை) மெத்தையில் வீசினேன், அது மெத்தையிலிருந்து குதித்துச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. புதிதாக வாங்கிய 95 வெள்ளிக் கைப்பிடி, இன்றைக்கும் இடது பட்டன் இரண்டு தடவை அமுக்கினால்தான் ஒரு தடவை வேலை செய்யும்.

அந்த முரட்டு மோடிலேயே ஆம்ஃபிஸ்பேனாவைக் கொன்றேன், இரண்டாவது காவலனிடம் போனேன். மொத்தம் எட்டுக் காவலர்கள், ஒவ்வொருவரையும் எழுப்ப ஒரு ஆங்க் மணிக்கல் வேண்டும். இரண்டாமவன் பெயர் சாக்கிட். மலாய் தெரிந்தவர்கள் இப்போது சிரித்திருப்பீர்கள். வலி, நோவு என்றுதானே அர்த்தம்! ஜப்பான்காரர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, காலில் இரும்பு வைத்துக் கட்டிய எனக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஏழு நாள் அடித்தான். தங்கச்சி ஈப்போவிலிருந்து போன் செய்து "என்ன அண்ணே பண்றே?" என்று கேட்கும்போதெல்லாம் "சாக்கிட்" என்பேன், பாவம், அவள் கால் வலி என்று நினைத்து அம்மாவிடம் மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஏழு நாள் அடி வாங்கிய காரணம் எளிது, சாட்டை ஒன்றையே நம்பியிருந்தேன். ஷூரிக்கன் (எறியும் நட்சத்திரக் கத்தி), குண்டு, மேலே சுடுகிற தீப்பந்தம் என்று துணை ஆயுதங்கள் வரிசையாகக் கிடைத்திருந்தன, அப்புறம் தேவைப்படும் என்று சேர்த்தே வைத்திருந்தேன். கஞ்சத்தனம். முதலாளி எதிரிகளிடம் (கேமில் 'பாஸ்' என்கிற பெரிய எதிரிகளிடம்) துணை ஆயுதங்களைக் கொட்டுங்கள், அதற்குத்தான் அவை. துப்பாக்கி மட்டும் விதிவிலக்கு, அதன் குண்டு விலை தலை சுற்றும்.

டிசம்பர் கடைசி. சாயங்கால இடிமழை, இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரிந்த பாடம். நான் பிடுங்கவில்லை. கேமில் மின்னல் இறங்கும் சத்தத்துக்குப் பழகியதாலோ என்னவோ, வெளியே இடித்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வெளிச்சம், மோடம் கருகிய வாசனை, லேப்டாப் திரை நீலம். அப்பாவின் நண்பர் காடியில் (காரில்) கடைக்குப் போனோம். ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதியது போட வேண்டும், 230 வெள்ளி என்றார் கடைக்காரர். "உள்ளே இருக்கிறது வேணுமா? எடுத்துப் பார்க்கலாம், 80 வெள்ளி கூட ஆகும்" என்று அவர் கேட்டதையும் சொல்லிவிட வேண்டும், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. படமெல்லாம் கைபேசியில் இருக்கு, வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னேன். திரும்பி வரும்போது தமிழ்ப்பள்ளி முனையில் சிவப்பு விளக்கில் காடி நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. 38 மணி நேரம். கடைக்குப் போன் அடித்தேன், பழையதைத் தூக்கிப் போட்டாயிற்று. சேவ் கோப்பு என்பது ஒரு சின்னக் கோப்பு, கைபேசிக்கு அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. வாரத்துக்கு ஒரு தடவை அனுப்பி வையுங்கள். அன்றிரவு சாப்பிடவில்லை, அம்மா கால் வலி என்று நினைத்துக்கொண்டார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். முப்பது வயதை நெருங்குகிறவன் கேம் சேவ் போனதற்கு அழுதான் என்று எப்படிச் சொல்வது.

மூன்று நாள் தொடவில்லை. நாலாவது நாள் சும்மா 555 ஐப் புரட்டினேன். எழுபத்துச் சொச்சம் பக்கம், எல்லாம் அப்படியே இருந்தது. எந்தக் கல் எங்கே, எந்தப் பீடம் எதைத் திறந்தது, எந்தச் சுவரை அடித்தால் மின்னல். மறுபடி இறக்கிப் போட்டு ஆரம்பித்தேன். 38 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த அதே இடத்துக்கு 9 மணி நேரத்தில் போய்விட்டேன். அதுவும் ஹார்ட் மோடு இல்லாமல்! அந்தப் பாழாய்ப்போன கல்வெட்டு இருக்கும் அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். சேவ் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, ஆனால் போகாமலிருந்தால் அந்த முரட்டு மோடிலேயே கேமை விட்டிருப்பேன் என்பதும் உண்மை.

ஜனவரியில் பெரிய முட்டு வந்தது. பாழிடத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. சூரியன் கோயிலுக்கு நிலவொளிக் கோயில், இராட்சதர் சமாதிக்கு இராட்சதர் மயானம் என்று ஜோடி ஜோடியாக. முன்பக்கத்தில் படித்தது பின்பக்கத்தில் பயன்படும், இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும். ஐந்து நாள் ஒரு அடி நகரவில்லை. பார்க்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தவன், ராத்திரி ஒரு மணிக்கு யாரோ ஆடிக் காட்டுகிற வீடியோவைத் திறந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். அதைத் தேடுவதற்குள் நான் இன்னும் போய்ச் சேராத நாலு புதிரின் விடைகளைப் பார்த்துத் தொலைத்தேன். மறக்கவும் முடியவில்லை. நான் பட்டதிலேயே ஈடு செய்ய முடியாத நஷ்டம் இதுதான். சேவை மறுபடி உண்டாக்கலாம், தெரிந்துகொண்டதைத் தெரியாமல் ஆக்க முடியாது.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த தங்கச்சிதான் ஒரு வழி சொன்னாள். அவளுக்குக் கேமில் அக்கறையே கிடையாது. "நான் படிக்கிறேன், நீ என்கிட்ட கேளு. சுடுதா ஆறுதான்னு மட்டும் சொல்றேன்." ஒளித்து வைத்த பொருளைத் தேடும் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி. அவள் கைபேசியில் விளக்கக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொள்வாள், நான் 555 ஐப் பிரித்து "இந்தக் கல்லா?" என்பேன். "ஆறிப்போச்சு." "இதுவா?" "கொஞ்சம் சூடு." ஒரு தடவை அரை மணி நேரம் கேட்ட பிறகு, "அண்ணே, நீ எழுதியிருக்கே, ஆனா நீ எழுதினதையே நீ படிக்க மாட்டேங்கிறே" என்றாள். உண்மைதான். விடை 31 ஆம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. இந்தக் கேமை முழுக்க உதவியே இல்லாமல் முடிப்பவர்கள் இருக்கலாம், எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. உங்களுக்கு முட்டினால் வீடியோ பக்கம் போகாதீர்கள், இப்படி ஒரு ஆளைப் பிடியுங்கள். தம்பி, தங்கை, மனைவி, யாராக இருந்தாலும் சரி, கேமில் ஆர்வமில்லாத ஆள் ரொம்ப நல்லது. ஆர்வமுள்ளவர்கள் உளறிவிடுவார்கள்.

பிறப்பின் அறை என்ற பகுதியில் வேறொரு சங்கடம். ஒரு நடுத்தர எதிரி வந்தான், பெயர் ஸ்கந்தா. 25 ஆம் தேதி தைப்பூசம், அம்மா ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க நாற்பத்தெட்டு நாள் விரதம், வீட்டில் மூன்று வேளையும் மரக்கறி, நான் கட்டிலில் கிடந்து கந்தனைச் சாட்டையால் அடிக்க வேண்டும்! உலகத்துப் புராணங்களையெல்லாம் ஒரே குழம்பில் போட்டுக் கிண்டிய கேம் இது, பாபிலோன் தியாமத் இருக்கிறாள், எகிப்து இருக்கிறது, அதுவரை ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். நம் வீட்டு ஆள் வந்ததும் கை ஓடவில்லை. அம்மாவிடம் பட்டென்று கேட்டுவிட்டேன். கிட்டே வந்து திரையை உற்றுப் பார்த்தார். "வேல் இருக்கா இதுக்கு? மயில் எங்கே? பேர் வச்சுட்டா முருகனாயிடுமா? நீ ஆடு" என்று போய்விட்டார். இருந்தாலும் தைப்பூசம் முடியும்வரை அந்த அறைக்குப் போகவில்லை. ஊன்றுகோலோடு கல்லுமலை அடிவாரம் வரை போய் வந்து, பிப்ரவரி முதல் வாரம்தான் அடித்தேன். மூன்றாவது முயற்சியில் விழுந்தான்.

பிப்ரவரி நடுவில் வேலைக்குத் திரும்பினேன். எம்.சி. காலத்தில் சார்ஜ்மேன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை, விண்ணப்பத் தேதியும் போய்விட்டது. டாக்டர் காலை உயர்த்தி வைக்கச் சொன்னதை மறந்து மணிக்கணக்கில் தொங்கப் போட்டு உட்கார்ந்ததால் வீக்கம் வடிய இரண்டு வாரம் கூட ஆனது, அதற்கு வாங்கிய திட்டு தனி. பணக் கணக்கு: ஏமாந்த 25, கேம் 22, கைப்பிடி 95, லேப்டாப் 230, மொத்தம் 372 வெள்ளி. பரீட்சையை இதில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன்: ராத்திரி ஒரு மணி நேரம், நிறுத்தும்போது 555 இல் "நாளைக்கு எதை முயற்சிக்க வேண்டும்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மறுநாள் முதல் அரை மணி நேரம் எங்கே நிற்கிறோம் என்று தேடுவதிலேயே போய்விடும்.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் நன்றாக ஆடினேன் என்பது வேடிக்கை. இரட்டைப் புதிர்வழியில் உள்ள பாஃபோமெட் என்னை மார்ச் முழுக்க வைத்துச் செய்தான். ஒரு ராத்திரி அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணினி என்றாலே ஆகாது. "ஏன் அவன் கிட்ட ஓடுறே?" என்றார். அடிக்க வேண்டாமா என்றேன். "காண்டா விளக்கு வச்சுகிட்டு அஞ்சரை மணிக்கு நெரையில நிப்பேன். எந்த மரத்துல குளவி இருக்கு, எந்த மரம் பாறை ஓரம், எல்லாம் காலுக்குத் தெரியும். புது நெரை குடுத்தா மொத வாரம் பால் கம்மியாத்தான் வரும். அவசரப்பட்டு ஆழமா வெட்டினா மரத்துல காயம், தண்டல் ஏசுவான்." (நெரை என்பது பால் வெட்ட ஒருவருக்கு ஒதுக்கும் மர வரிசை, தண்டல் என்பவர் மேற்பார்வையாளர்.) எனக்குப் பதிலாகச் சொன்னாரா, பழைய ஞாபகத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை, போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் பத்து முயற்சி அடிக்கவே இல்லை. சாகும்வரை தப்பிக்க மட்டும் செய்தேன், என்ன செய்தபின் என்ன செய்கிறான் என்று எழுதினேன். இந்தப் பத்து முயற்சியை வீண் என்று நினைக்காதீர்கள். எந்த முதலாளிக்கும் இதைச் செய்கிறேன் இப்போது. தியாமத்துக்கு இருபத்தைந்து தேவைப்பட்டது, அவள்தான் எட்டுப் பேரில் ஆகக் கொடூரம், சந்தேகமில்லை.

எட்டுக் காவலரும் போனபின் மந்திரங்கள். சரியான இடத்தில் நின்று சரியான வரிசையில் ஓத வேண்டும், அதற்கான குறிப்புகள் நாலு மாதம் முன்பு படித்த கற்களிலும் இருக்கும். முதல் 555 தீர்ந்து இரண்டாவது பாதி ஓடியிருந்தது. அம்மாவின் கந்தர் சஷ்டிக் கவசப் புத்தகம் மாதிரி ஓரமெல்லாம் கறுத்து, நடு ஊசி கழன்று, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைசி அன்னையிடம் போய்ச் சேர்ந்தேன். அவளை வீழ்த்தியதும் முடிந்தது என்று கைப்பிடியைக் கீழே வைக்கப் போனால், பாழிடம் இடிந்து விழத் தொடங்கிவிட்டது, கெடு நேரத்துக்குள் வெளியே ஓட வேண்டுமாம். இதையும் யாரும் சொல்லவில்லை! அதே நேரம் வெளியே வானம் கறுத்து அம்மா துணி எடுக்கக் கத்துகிறார், இடி வேறு. ஒரு நொடி யோசித்தேன். லேப்டாப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் 20 சதவீதத்தோடு ஓடினேன். எந்த வழி குறுக்கு என்று தாளைப் பார்க்கவில்லை, காலுக்கே தெரிந்திருந்தது. வெளியே வந்தான் லெமேசா. துணி எல்லாம் நனைந்துவிட்டது, அதற்கு வாங்கியதைச் சொல்லவில்லை.

எல்லாம் சேர்த்து 112 மணி நேரம், போன 38 ஐயும் கூட்டித்தான். நரகக் கோயில் என்று விருப்பத்துக்கு ஒரு பகுதி மிச்சமிருக்கிறது, கேமிலேயே குரூரமானது என்கிறார்கள், கடைசியில் கிடைக்கும் பரிசு ஒரு நீச்சல் உடையாம். இரண்டு அறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது 555 இல் இன்னும் பதினாலு பக்கம் காலியாக இருக்கிறது. சார்ஜ்மேன் விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதை முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.